பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய இன்ஜின்: லோன் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



கார் லோன் பற்றி நம்ம சேனலில் வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி இரண்டு திசையிலிருந்தும் வந்துகிட்டே இருக்கு. அமெரிக்காவில் வேலை பார்க்கிறவங்க, "பழைய மஸ்தா மியாட்டா ஒண்ணு இருக்கு. அதுல வி8 இன்ஜின் போடணும்னு ஆசை. பர்சனல் லோன் எடுக்கலாமா?" என்று கேட்கிறாங்க. இங்கே இருக்கிறவங்க, "யூடியூப்ல பார்த்தேன். என் பழைய காருக்கும் பெரிய இன்ஜின் போட மெக்கானிக் 6 லட்சம் சொல்றார். லோன் போட்டுப் பண்ணலாமா?" என்று கேட்கிறாங்க.

இரண்டு பேருக்கும் முதல் பதில் ஒண்ணுதான்: லோன் எடுத்துப் பண்ணாதீங்க. ஆனா காரணம் இரண்டு பேருக்கும் வேற வேற. அமெரிக்காவில் இருப்பவருக்கு இது ஒரு விலை உயர்ந்த பொழுதுபோக்கு. இந்தியாவில் ரோட்டில் ஓட்டப் போகிறவருக்கு இது ஒரு சட்டப் பிரச்சினை. அதைவிட மோசமா, குடும்பத்தின் சேமிப்பையே இழுத்துக்கொண்டு போகக்கூடிய இன்சூரன்ஸ் பிரச்சினை. அதனால கட்டுரையை முழுசா படிச்சுட்டு முடிவு எடுங்க.

முதலில் விஷயம் என்ன?

எடை குறைந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் சின்ன இன்ஜினைக் கழற்றிவிட்டு, வேறொரு காரின் பெரிய, பவர் அதிகமான இன்ஜினை வைப்பதுதான் இன்ஜின் ஸ்வாப். இது புது ஐடியா இல்லை. 1962-ல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்க ரேஸ் டிரைவர், இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் என்ற சின்ன இரண்டு சீட் காரில் ஃபோர்டு கம்பெனியின் 4.2 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தினார். அதுதான் பேர்போன கோப்ரா.

கோப்ரா கதையில் நமக்கு வேண்டிய பாடம் அதன் அடுத்த பாகத்தில் இருக்கு. கொஞ்ச வருஷத்தில் அதே காரில் 7 லிட்டர் இன்ஜினை வைக்க நினைத்தபோது பழைய சேஸிஸ் தாங்கவில்லை. சேஸிஸை மாற்றி வடிவமைத்து, சஸ்பென்ஷனையும் முழுசா மாற்ற வேண்டியதாயிற்று. ஃபோர்டு கம்பெனியின் ஆதரவு இருந்த ஒரு டீமுக்கே "இன்ஜினை மட்டும் மாத்திட்டுப் போயிடலாம்" என்பது நடக்கவில்லை. உங்க தெரு முனை கராஜில் மட்டும் எப்படி நடக்கும்?

இன்ஜின் விலை என்பது பில்லின் முதல் வரி மட்டும்தான்

மியாட்டாவையே எடுத்துக்குவோம். 1989-ல் வந்த முதல் தலைமுறை மியாட்டாவில் 1.6 லிட்டர் இன்ஜின். அமெரிக்க மாடலில் 116 குதிரைத்திறன். காரின் எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் பலரும் வைக்க ஆசைப்படுவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி8. அந்த வரிசையின் முதல் இன்ஜினான எல்.எஸ்.1, 1997 மாடல் கார்வெட்டில் வந்தது. 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன்.

ஏன் எல்லாரும் இந்த இன்ஜினையே தேடுறாங்க? அலுமினியம் ப்ளாக் என்பதால் கொள்ளளவுக்கு எடை குறைவு. கேம்ஷாஃப்ட் மேலே இல்லாமல் ப்ளாக்கின் உள்ளேயே இருப்பதால் இன்ஜின் உயரமும் அகலமும் குறைவு, சின்ன பானெட்டுக்குள் அடங்கும். நிறைய கார்களில் வந்ததால் செகண்ட் ஹேண்டில் சுலபமா கிடைக்கும்.

இப்போ கணக்குக்கு வருவோம். பவர் மூன்று மடங்கு ஆகிறது. டார்க் அதைவிட அதிக மடங்கு கூடுகிறது. அந்தச் சுழல் விசை இன்ஜினிலிருந்து டயர் வரைக்கும் போகிற வழியில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் பழைய 116 குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்டது. அதனால:

- பழைய கியர்பாக்ஸ் தாங்காது. பெரிய இன்ஜினுக்கு ஏற்ற கியர்பாக்ஸும் கிளட்சும் வேணும்.
- டிஃபரன்ஷியல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில்கள் மூன்றும் மாறணும்.
- புது இன்ஜின் உட்கார முன்பக்க சப்ஃப்ரேமும் மவுண்டும் தனியா செய்யணும்.
- சூடு அதிகம். பெரிய ரேடியேட்டர், ஃபேன், குழாய்கள்.
- ஃப்யூயல் பம்ப், எக்ஸாஸ்ட், இன்ஜின் கம்ப்யூட்டர், வயரிங், டியூனிங்.
- வேகமா போனால் நிற்கவும் வேணுமே! பிரேக், சஸ்பென்ஷன், டயர்.

கடைசி வரியைப் பலரும் பட்ஜெட் முடிந்த பிறகு யோசிக்கிறாங்க. அது அப்படிப்பட்ட வரி இல்லை. பிரேக்குக்குப் பணம் ஒதுக்காத இன்ஜின் ஸ்வாப்புக்கு என் கணக்கில் பட்ஜெட்டே போடவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே இருப்பது நான் விளக்கத்துக்காகப் போட்ட எண்கள். சந்தை விலை ஊருக்கு ஊர் மாறும். எண்ணை விட்டுட்டு, முறையைப் பாருங்க.

- இன்ஜின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர்: 8,000 டாலர்
- சப்ஃப்ரேம், மவுண்ட் செட்: 5,000
- டிஃபரன்ஷியல், ஷாஃப்ட், ஆக்ஸில்: 4,500
- கூலிங், ஃப்யூயல், எக்ஸாஸ்ட்: 3,500
- பிரேக், சஸ்பென்ஷன், டயர்: 4,000
- லேபர், டியூனிங்: 8,000

மொத்தம் 33,000. இதுக்கு மேல் எதிர்பாராத செலவுக்கு 20 சதவீதம், 6,600. ஆக 39,600 டாலர். இதில் இன்ஜின் வரியின் பங்கு ஐந்தில் ஒன்று. "இன்ஜின் 8,000 டாலர்தான்" என்று ஆரம்பிக்கிறவர் ஏன் பாதியில் மாட்டிக்கொள்கிறார் என்பது இப்போ புரியுதா?

இனி விற்கும் நேரம். ஸ்வாப் செய்யாத கார் 7,000 டாலர் போகும், ஸ்வாப் செய்தது ஐந்து வருஷம் கழித்து 28,000 போகும் என்று வச்சுக்குவோம். செலவழித்த 39,600-க்குத் திரும்பி வந்தது 21,000. நஷ்டம் 18,600. 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 310 டாலர்.

அதோட முடியலை. அந்த 39,600 டாலரை ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் இடத்தில் போட்டிருந்தால் ஐந்து வருஷத்தில் சுமார் 55,500 ஆகியிருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான செலவு சுமார் 34,500. மாதம் 575 டாலர். பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் தனி.

இதுதான் நீங்க உங்களையே கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பொழுதுபோக்குக்கு மாதம் 575 டாலர் ஐந்து வருஷத்துக்கு நான் தருவேனா?" எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, ரிடையர்மெண்ட் முதலீடு ஒழுங்கா போகுது, குழந்தைகள் படிப்புக்கு எடுத்து வச்சாச்சு, அதுக்கு மேல் மிச்சம் இருக்குன்னா தாராளமா பண்ணுங்க. சந்தோஷத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். செலவை முதலீடுன்னு நினைச்சுப் பண்ணாதீங்க என்பதுதான் என் பேச்சு.

ஏன் போட்ட பணம் திரும்ப வராது?

மூன்று காரணம்.

ஒன்று, நீங்க உங்க ரசனைக்குச் செய்த வேலைக்கு இன்னொருத்தர் முழு விலை தர மாட்டார். வீட்டில் இத்தாலியன் மார்பிள் போட்டவருக்குத் தெரியும் இந்த வலி.

இரண்டு, வாங்குகிறவருக்கு வேலையின் தரம் தெரியாது. யார் வெல்டிங் பண்ணாங்க, வயரிங் எப்படி இருக்கு என்ற சந்தேகத்துக்கு அவர் விலையைக் குறைப்பார்.

மூன்று, பாதியில் நின்ற ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பே கிடையாது. ஓடுகிற பழைய காருக்கு ஒரு விலை உண்டு. முடிந்த ஸ்வாப்புக்கு ஒரு விலை உண்டு. இன்ஜின் தனியா, பாடி தனியா, நட்டு போல்ட்டு டப்பாவில் தனியா கிடக்கிற காருக்கு இரண்டையும் விடக் குறைவான விலைதான். 33,000 செலவாகும் வேலையில் 20,000 போட்ட பிறகு பணம் தீர்ந்துபோனால், உங்க கையில் இருப்பது 20,000 மதிப்புள்ள பொருள் இல்லை. அதனாலதான் முழுப் பணமும் கையில் இல்லாமல் முதல் போல்ட்டைக் கழற்றாதீங்க என்கிறேன்.

இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல வழியும் கிடைக்கும். அந்த நஷ்டத்தை ஏற்கனவே வேறொருத்தர் தாங்கிக்கொண்ட, ஒழுங்கா முடித்த காரை வாங்கலாம். நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்து, பில்களைச் சரிபார்த்து வாங்கினால் செலவு பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு.

இன்னொரு வழி, அந்த இன்ஜினோடவே பிறந்த காரை வாங்குவது. எல்.எஸ்.1 வேணுமா? 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டையே பாருங்க. அந்தப் பவருக்கு ஏற்ற கியர்பாக்ஸ், பிரேக், கூலிங் எல்லாம் கம்பெனியே யோசித்து வச்சிருக்கு. மியாட்டா தரும் அந்தச் சின்ன கார் உணர்வு கிடைக்காதுதான். அந்த உணர்வுக்கு எத்தனை ஆயிரம் டாலர் கூடுதலா தருவீங்க என்பது உங்க முடிவு. ஆனா இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கடுமையானது கலிஃபோர்னியா. அங்கே புது இன்ஜின், காரின் மாடல் வருஷத்தைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்கணும். அந்த இன்ஜினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாமே இருக்கணும். மாநிலத்தின் ரெஃப்ரீ நேரில் பார்த்து ஒப்புதல் தரணும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்மாக் டெஸ்ட்டில் பாஸ் ஆகலாம் என்று நினைக்க வேண்டாம். கருவிகளின் பட்டியலைப் பார்த்துட்டு அப்புறமா இன்ஜின் வாங்குங்க.

இன்சூரன்ஸில் சாதாரண பாலிசி, விபத்து நேரத்தில் காரின் சந்தை மதிப்பைத்தான் தரும். 1990 மியாட்டாவுக்கு 1990 மியாட்டாவின் விலை. நீங்க போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு வேணும்னா "அக்ரீட் வேல்யூ" பாலிசி கேளுங்க. மாற்றம் செய்ததை எழுத்தில் தெரிவிச்சு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைங்க.

வரியில் ஒரு கசப்பான விஷயம். சொந்த உபயோகக் காரை அங்கே லாபத்துக்கு விற்றால் வரி உண்டு, நஷ்டத்துக்கு விற்றால் கழிக்க முடியாது. அதனால பில் எல்லாம் பத்திரமா வைங்க. காருக்குச் செய்த மேம்பாட்டுச் செலவு அடக்க விலையில் சேரும்.

இப்போ நம்ம ஊர்: சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. "ஆர்.டி.ஓ.வில் எண்டார்ஸ் பண்ணிக்கலாம் சார்" என்று ஒரு வரியில் சொல்லிடுவாங்க. உண்மை அவ்வளவு சுலபம் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் என்னென்ன இருக்கு? இன்ஜின் நம்பர், சி.சி., சிலிண்டர் எண்ணிக்கை, எடை, எரிபொருள். 1.3 லிட்டர் காரில் வேற மாடலின் 1.8 லிட்டர் இன்ஜின் வைத்தால் இதில் பல ஒரே நேரத்தில் மாறிடும்.

கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் கூடியது. பிரிவு 182ஏ-படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது இரண்டும். "5,000 தானே, கட்டிடலாம்" என்று நினைக்கிறவங்க "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற வார்த்தையையும் "சிறை" என்ற வார்த்தையையும் மறுபடி படிங்க.

சட்டம் எதை அனுமதிக்குது?

- பழுதான இன்ஜினுக்குப் பதிலா அதே மேக், அதே டைப் இன்ஜின். பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றணும்.
- சி.என்.ஜி., எல்.பி.ஜி., எலெக்ட்ரிக் போன்றவற்றுக்கு மாறுவது. ஆனா அங்கீகரிக்கப்பட்ட கிட்டா இருக்கணும்.

அதாவது பழைய காருக்கு இங்கே சட்டப்படி கிடைக்கும் பெரிய "இன்ஜின் மாற்றம்" எலெக்ட்ரிக் கிட்தான். வி8 சத்தம் வராது. ஆனா ஆர்.சி. சுத்தமா இருக்கும்.

ரொம்பப் பழைய கார் வச்சிருப்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதிகளின்படி, 50 வருஷத்துக்கு மேலான காரை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனா அது மூல வடிவத்தில் இருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பழைய இன்ஜினைத் தூக்கி எறிந்த அன்றைக்கே அந்தத் தகுதியையும் சேர்த்து எறிஞ்சுட்டீங்கன்னு அர்த்தம்.

உண்மையான ஆபத்து: இன்சூரன்ஸ்

அபராதம் சின்ன விஷயம். இந்தப் பகுதியை நிதானமா படிங்க.

மூன்றாம் நபர் பிரீமியம் சி.சி. பார்த்துத்தான் போடப்படுது. 1,000 சி.சி. வரை ஒரு விலை, 1,000 முதல் 1,500 வரை ஒரு விலை, 1,500-க்கு மேல் ஒரு விலை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் இது முறையே ₹2,094, ₹3,416, ₹7,897. 1,300 சி.சி. என்று ₹3,416 கட்டிவிட்டு 1,800 சி.சி. ஓட்டினால், நீங்க கட்டிய பிரீமியம் அந்த வண்டிக்கானதே இல்லை.

உங்க காருக்கான சேத க்ளெய்மை கம்பெனி நிராகரிக்க இதுவே போதும். சர்வேயர் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. ஐந்து வருஷத்துக்கு மேலான காருக்கு ஐ.டி.வி. என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. அதில் நீங்க சொல்லாமல் வைத்த இன்ஜின் சேராது.

அது உங்க கார், போனால் போகுது. அடுத்தவர் உயிர்?

விபத்தில் ஒருத்தர் இறந்துவிட்டால் இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுறாங்க தெரியுமா? 2009, 2017 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த முறை இருக்கு. மாதம் ₹50,000 வாங்கும் 35 வயது நிரந்தர ஊழியர், நம்பி இருப்பவர்கள் மூன்று பேர் என்று வைப்போம்.

- ஆண்டு வருமானம்: ₹6,00,000
- எதிர்கால உயர்வுக்கு 50 சதவீதம் சேர்த்து: ₹9,00,000
- அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து: ₹6,00,000
- அந்த வயதுக்கான பெருக்கு எண் 16: ₹96,00,000

தொண்ணூற்றாறு லட்சம். இதர தொகைகளும் வட்டியும் தனி. சாதாரணமா இதை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். மூன்றாம் நபர் உயிரிழப்புக்கு பாலிசியில் உச்ச வரம்பு இல்லாததே அதுக்காகத்தான். ஆனா பாலிசி நிபந்தனை மீறப்பட்டால், கம்பெனி முதலில் கட்டிவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிச்சுக்கலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. இன்ஜின் மாற்றத்தில் அப்படி ஆகுமா, ஆகாதா என்பதை வழக்கின் விவரம்தான் முடிவு பண்ணும். ஆனா அந்த வழக்கில் ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீல், மறுபக்கம் நீங்க. பந்தயத்தில் இருப்பது உங்க வீடும் பி.எஃப். பணமும் இல்லாத மற்ற எல்லாச் சேமிப்பும் அல்ல, வீடும்தான். வாரக் கடைசியில் பைபாஸில் கிடைக்கும் த்ரில்லுக்கு இது அதிக விலை.

வரி, ஜி.எஸ்.டி.: சின்னதா மூன்று விஷயம்

சொந்த உபயோகக் கார் இங்கே மூலதனச் சொத்து கிடையாது. லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்துக்கு விற்றால் வேறு எதிலும் கழிக்கவும் முடியாது. ஆக, ஸ்வாப் செலவுக்கு வரிச் சலுகை பூஜ்யம்.

"கம்பெனி பேரில் கார் இருக்கே, ரிப்பேர் செலவுன்னு காட்டிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: முடியாது. இருக்கும் சொத்தைப் பழைய நிலையில் வைத்துக்கொள்ளும் செலவுதான் நடப்பு ரிப்பேர். புதுப் பலன் தரும் மாற்றம் மூலதனச் செலவு. 2007-ல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மில்லின் ரிங் ஃப்ரேமை மாற்றியதை நடப்பு ரிப்பேராக ஏற்கவில்லை. மெஷினுக்கே அந்தக் கதின்னா, பவரைக் கூட்ட வைக்கும் இன்ஜினுக்கு என்ன பதில் வரும்னு யோசிங்க. அதோட அது தொழிலுக்கான செலவா என்ற கேள்வி தனி.

ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவும் எதிர்பார்க்காதீங்க. சாதாரண பயணிகள் காருக்கும், அதன் ரிப்பேர், பராமரிப்புக்கும் பெரும்பாலான தொழில்களுக்கு அது தடை செய்யப்பட்டிருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம். அதையும் உங்க பட்ஜெட்டில் சேருங்க. "பில் வேணாம்னா வரி இல்லாம பண்ணித் தரேன்" என்பவரிடம் அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதுக்கும் பேப்பர் இருக்காது.

அது இன்னொரு ஆபத்து. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய இன்ஜின் கிடைக்கும். நேர்மையா வியாபாரம் செய்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா விற்றவர் பேர், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, இன்ஜின் நம்பர், ரசீது இல்லாத இன்ஜினைத் தொடாதீங்க. அது திருட்டு வண்டியின் இன்ஜினா இருந்தால் போலீஸ் முதலில் வருவது உங்க வீட்டுக்குத்தான்.

லோன் கணக்கு

₹6 லட்சம், 14 சதவீதம், 4 வருஷம். இ.எம்.ஐ. சுமார் ₹16,400. மொத்தம் கட்டுவது ₹7.87 லட்சம். வட்டி மட்டும் ₹1.87 லட்சம். அதே ₹16,400-ஐ 48 மாதம் எஸ்.ஐ.பி. போட்டு 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் ₹9.6 லட்சம் கையில் இருக்கும். ஒரு பக்கம் ₹9.6 லட்சம். மறுபக்கம் ரோட்டில் எடுக்க முடியாத, க்ளெய்ம் பண்ண முடியாத, விற்கும்போது ஆர்.சி. ஒத்துப்போகாத ஒரு கார்.

அப்போ ஆசையை மூட்டை கட்டிடணுமா?

வேண்டாம். ரேஸ் ட்ராக் இருக்கு. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. ட்ராக்குக்கு மட்டும் என்று தனிக் கார் கட்டுறவங்க உண்டு. பொது ரோட்டில் சக்கரம் படாமல் லாரியிலோ ட்ரெய்லரிலோ ஏற்றிக் கொண்டுபோகணும். எந்தப் பிரிவில் என்ன மாற்றம் செய்யலாம் என்று போட்டி விதிகளைப் படிச்சுட்டு ஆரம்பிக்கணும். அந்தக் காரின் ஆர்.சி.யை என்ன செய்வது என்று ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் கேட்டு முடிச்சுடணும். ஒன்று ஞாபகம் வைங்க: சாதாரண கார் பாலிசி ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. அங்கே உடைந்தால் உங்க பணம்தான்.

அதுக்கும் முன்னாடி ஒரு சிக்கன வழி சொல்றேன். இருக்கும் இன்ஜினை நல்லா சர்வீஸ் பண்ணி, அதே அளவில் நல்ல டயரும் தரமான பிரேக் பேடும் புது ஷாக் அப்சார்பரும் போட்டு ஒரு நாள் ட்ராக்கில் ஓட்டிப் பாருங்க. பழைய காரில் பாதி பேர் "பவர் பத்தலை" என்று நினைப்பது உண்மையில் தேய்ந்துபோன பாகங்களின் சோர்வுதான்.

முடிவு எடுத்தாச்சுன்னா, இந்த வரிசையில் போங்க

1. முதலில் சட்டம். உங்க மாநிலத்தில், உங்க உபயோகத்துக்கு இது முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்க.
2. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில். போனில் ஏஜெண்ட் சொன்ன "ஒண்ணும் ஆகாது சார்" எந்தத் தீர்ப்பாயத்திலும் செல்லாது.
3. முழு பட்ஜெட், கூட 20 முதல் 30 சதவீதம். அது முழுசும் தனிக் கணக்கில் சேர்ந்த பிறகுதான் வேலை ஆரம்பம்.
4. எமர்ஜென்சி ஃபண்டையும் டேர்ம் இன்சூரன்ஸையும் தொடாமல் அந்தப் பணம் வந்திருக்கணும்.
5. கராஜுக்கு மொத்தமா அட்வான்ஸ் தராதீங்க. இன்ஜின் உட்கார்ந்ததும் ஒரு பங்கு, வயரிங் முடிந்து ஸ்டார்ட் ஆனதும் ஒரு பங்கு, ஓட்டிப் பார்த்த பிறகு கடைசிப் பங்கு.
6. ஒவ்வொரு பாகத்துக்கும் பில், ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ. விற்கும்போது விலையைக் காப்பாற்றுவது இந்த ஃபைல்தான்.
7. பழைய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் விற்காதீங்க. திரும்பப் பழைய நிலைக்கு வர அது ஒண்ணுதான் வழி.
8. வேலை ஆரம்பிக்கும் முன்பே "இந்தத் தொகையைத் தாண்டினால் நிறுத்திடுவேன்" என்று ஒரு எண்ணை எழுதி, வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து வைங்க. இவ்வளவு போட்டாச்சே என்ற எண்ணம்தான் அடுத்த இரண்டு லட்சத்தை விழுங்கும்.

இந்த எட்டில் முதல் இரண்டுக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மீதி ஆறைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பணம் மிச்சம்.

மாதிரிக் கணக்கில் உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. கேட்கும்போது கார் இந்தியாவிலா, வெளிநாட்டிலா, ரோட்டுக்கா, ட்ராக்குக்கா என்பதைச் சொல்லிடுங்க. பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.